தூணருகே மூன்றாம் வரிசை

"பதினோரு மணிக்கு மேயர் வர்றார், ஹாக்யோங். யாருமே இல்லாத இடத்துல நாணல் ஒதுங்கி நின்னா நான் என்ன சொல்றது? பேய்க்கும் டிக்கெட் குடுத்திருக்கோம்னா?"

யுன்சுக் அக்கா கண்காட்சியின் பொறுப்பாளர். பதற்றம் வந்தால்தான் இப்படி வேடிக்கையாகப் பேசுவார்.

எங்கள் அறையில் தொள்ளாயிரம் காகித நாணல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் கட்டைவிரல் அளவு மோட்டார். நீங்கள் உள்ளே நடந்தால் அவை உங்களைச் சுற்றிச் சாய்ந்து வழிவிடும். கடந்து போனதும் நிமிர்ந்துகொள்ளும். நானும் என் கணவர் தோசிக்கும் இரண்டு வருடம் உட்கார்ந்து செய்தது.

தூணருகே மூன்றாம் வரிசையில் மட்டும் ஒரு வட்டம் நிமிராமல் கிடந்தது.

குந்தி உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் அளவு.

"அது பழுது இல்லக்கா."

"தெரியும்மா." அக்காவின் குரல் இறங்கியது. "ஆனா மணி பத்தாச்சே."

கூரையில் இருக்கும் கேமராவுக்கு மனிதர்களைத் தெரியாது. காலி அறையை ஒரு முறை பார்த்து நினைவில் வைத்துக்கொள்ளும். அதிலிருந்து எது மாறினாலும், யாரோ வந்துவிட்டதாக எண்ணி அங்கே நாணல்களைச் சாய்க்கும். அவ்வளவுதான் அதன் அறிவு.

அதனால் காலி அறையைப் பதிவு செய்யும் முன் வாசலில் நின்று மூன்று முறை குரல் கொடுக்க வேண்டும். "உள்ள யாராவது இருக்கீங்களா?" இது தோசிக் வைத்த விதி. ஒரு தடவை, தரை துடைக்க வந்த ஓர் அம்மாவும் சேர்ந்து பதிவாகிவிட்டார்.

போன நவம்பரில் நான் குரல் கொடுக்கவில்லை.

கடையிலிருந்து வந்த கறுப்பு நூடுல்ஸ் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கியிருந்தது. எனக்குப் பசி. அவர் கை கழுவப் போயிருப்பார் என்று நினைத்துப் பொத்தானை அழுத்திவிட்டேன். அவரோ தூணருகே குந்தி, ஒரு நாணலைச் சரி செய்துகொண்டிருந்தார்.

கேமரா அவரையும் காலி அறையோடு சேர்த்துக்கொண்டது. அவர் எழுந்ததும், அவர் அங்கே இல்லாததைத்தான் மாற்றமாக எடுத்துக்கொண்டது. அவர் விட்டுவந்த இடத்தைச் சுற்றி நாணல்கள் சாய்ந்தன.

"பாரு, எழுந்து வந்தாலும் விட மாட்டேங்குது. உன்னை மாதிரியே." சிரித்துக்கொண்டே வந்தார். ஏணியிலிருந்து விழுந்த நாளிலிருந்து வலது காலைக் கொஞ்சம் தாமதமாகத்தான் எடுத்து வைப்பார். "நாளைக்கு மாத்திக்கலாம். வா, நூடுல்ஸ் ஆறுது."

அன்றிரவு எங்கள் ஊரான க்வாங்ஜுவில் முதல் பனி விழுந்தது. வீட்டுக்குப் போகும் வழியில், பாலத்தில் ஒரு லாரி சறுக்கியது. நான் மட்டும் பிழைத்தேன்.

அறையை ஐந்து மாதம் பூட்டி வைத்திருந்தார்கள்.

திறந்த இந்த ஒரு வாரமாக, காலையில் யாரும் வருமுன் நான் அந்த வட்டத்துக்குள் போய்க் குந்தி உட்கார்ந்தேன். அவர் உயரம் வரும்படி முதுகை நிமிர்த்தினால் போதும். நாணல்கள் ஒவ்வொன்றாக எழுந்து என்னை ஒட்டி நிற்கும். கேமராவுக்கு எல்லாம் பழையபடி இருக்கும். கொஞ்ச நேரம் எனக்கும்.

புதிதாகப் பதிவு செய்தால் பழையது அழிந்துவிடும்.

பத்தே காலுக்கு எல்லோரையும் வெளியே அனுப்பினேன். வாசலில் தனியாக நின்றேன். பொத்தானை அழுத்தினேன்.

நாணல்கள் நிமிர்ந்தன. தூணருகேயும்தான். வட்டம் எங்கே இருந்தது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அக்கா வந்து பார்த்தார். என் தோளில் கை வைத்தார். வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை.

மேயர் வந்தார். நாணல்கள் சாய்ந்து வழிவிட்டன. "என் ஆபீஸ்ல கூட இவ்வளவு மரியாதை கிடையாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். படம் எடுத்துக்கொண்டு அடுத்த கூடத்துக்குப் போனார்கள். தூண் பக்கம் யாரும் போகவில்லை.

அறையில் ஆள் இல்லை. நானும் அக்காவும் மட்டும் வாசலில் நின்றோம்.

அப்போது தூணருகே, மூன்றாம் வரிசையில், நாணல்கள் மெதுவாகச் சாய்ந்தன. வட்டமாக.

அக்கா என்னைப் பார்த்தார். "நீ புதுசா எடுக்கலையா?"

"எடுத்தேன்."

"குரல் குடுத்துட்டுத்தானே எடுத்தே?"



கேட்கத்தான் நினைத்தேன். மூன்று முறை கேட்டும் பதில் வராவிட்டால் அப்புறம் நான் என்ன செய்வேன்? வாயைத் திறக்காமலே அழுத்திவிட்டேன்.

பதிவில் இருந்த ஒன்று இப்போது இல்லை. அதைத்தான் அந்த வட்டம் சொல்கிறது. பத்தே காலுக்கு நாணல்கள் அங்கே நிமிர்ந்தது இடம் காலி என்பதால் அல்ல. அங்கே உட்கார்ந்திருந்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை என்பதால்.

இப்போது எழுந்துவிட்டார்.

முதல் வட்டத்தை ஒட்டி இன்னொன்று விரிந்தது. பிறகு இரண்டாம் வரிசையில் ஒன்று. பிறகு முதல் வரிசையில். ஒரு காலடிக்குச் சட்டென்று சாய்ந்தன. அடுத்த காலடிக்குக் கொஞ்சம் தாமதமாக. மறுபடி சட்டென்று. மறுபடி தாமதமாக. கடந்த இடங்களில் நாணல்கள் எழுந்துகொண்டன. தூணருகே மட்டும் எழவில்லை.

அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

வாசலுக்கு முந்தைய கடைசி நாணல்கள் இரண்டு பக்கமும் சாய்ந்தன.

நான் கதவை விட்டு ஒதுங்கி, வழிவிட்டேன்.