எட்டாம் படி

ஜன்னல் வெயில் கட்டிலின் மேல் சாய்வாக விழுகிறது. பெயின்டர் மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் நீட்டியிருக்கிறார். எதிரே ஸ்டூலில், ஊர்க்காரர்களின் மனநிறைவைக் கணக்கெடுக்க வந்த பெண், ஏணிப் படம் போட்ட அட்டையை நீட்டுகிறாள். படத்தில் பத்துப் படிகள். "உச்சிப் படிதான் இருக்கறதுலயே நல்ல வாழ்க்கைன்னு வெச்சுக்கங்க. இப்ப நீங்க எந்தப் படியில நிக்கறீங்க?" நகக்கண்ணில் இன்னும் நீலம் போகாத விரல் படிப்படியாக ஏறி, எட்டில் நிற்கிறது. அடுப்படியில் கரண்டிச் சத்தம் ஓய்கிறது. "எட்டா? ஏணியிலேருந்து விழுந்து படுத்துக் கெடக்கற ஆளுக்கு வாய்க்கொழுப்பைப் பாரு!" மனைவி ஈரக்கையோடு வந்து நிற்கிறாள். "அதுக்கு மேல ஏறக் கூடாதுடி. பிடிச்சுக்க ஒண்ணும் இருக்காது. எங்க தொழில்ல எட்டுதான் உச்சி." கணக்கெடுக்கும் பெண் சிரித்தபடி எட்டைக் குறித்துக்கொண்டு, அட்டையை மனைவி பக்கம் திருப்புகிறாள். "நீங்கம்மா?" மனைவி குனிந்து பார்க்கிறாள். படிகளை எல்லாம் விட்டுவிட்டு, ஏணியின் கால் தரையைத் தொடும் இடத்தில், வெறும் வெள்ளையில், ஈரக் கட்டைவிரலை அழுத்தி வைக்கிறாள். "நான் இங்கதான். வேலைக்குப் போனா ஏணியைப் புடிச்சுக்கறது நான்தானே? ஒரே ஒரு நாள் எனக்குக் காய்ச்சல்னு தனியாப் போய் ஏறினாரு, பாருங்க லட்சணத்தை." "அங்க நம்பர் இல்லையேம்மா." மனைவி விரலை எடுக்கவில்லை. அட்டையில் ஈரம் மெல்லப் பரவுகிறது. பெயின்டர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு கணக்கெடுக்கும் பெண் பக்கம் திரும்புகிறார். "அப்படின்னா எனக்கு ஒம்பதுன்னு மாத்திக்கம்மா."