உறுமாத செவலை

செவலை நாயின் இடது காதுக்குள் சீழ் கட்டியிருந்தது. யார் தொட்டாலும் உறுமியது. "திமிர் பிடிச்சுப் போச்சு" என்று வீட்டுக்காரர் பயிற்சியாளரை வரவழைத்தார். வந்தவர் அந்தக் காதைத் தொடுவார். உறுமினால் சங்கிலியைச் சுண்டி இழுப்பார், சும்மா இருந்தால் பிஸ்கட் தருவார். மாதக் கடைசியில் செவலை உறுமுவதை விட்டுவிட்டது.

"வலி போயிடுச்சா?" என்று கேட்டது அந்த வீட்டுப் பூனை.

"வலி அப்படியேதான் இருக்கு. அதைச் சொல்றதுதான் போச்சு."

"கடிச்சாவது சொல்லேன்."

"கடிச்சா ஊசி போட்டுக் கொன்னுடலாம்னு பேசிக்கிட்டாங்க."

அன்று விருந்தாளிகள் வந்தார்கள். வீட்டுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை.

"இப்ப எவ்வளவு சாது தெரியுமா? காதைப் பிடிச்சுப் பாருங்க, ஒண்ணும் பண்ணாது."

ஒவ்வொருவராக வந்து காதைத் திருகிப் பார்த்தார்கள். செவலை அசையவில்லை.