இரண்டு டின் பெட்ரோல்

"போகவர ரெண்டு டின் பெட்ரோலுக்கு மேல குடிச்சா, லாரியை வித்துட்டுப் பழையபடி மாட்டுவண்டியே ஓட்டிக்கிறேன்," என்று முதலாளி மரைக்காயர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

லாரி போனால் டிரைவர் ஒலி முகம்மதுவின் வேலையும் போகும். பாரம் குறையட்டும் என்று கூரையையும் பக்கப் பலகைகளையும் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் தேக்காவிலிருந்து தீவின் வடகோடியிலுள்ள உட்லண்ட்ஸுக்கு அரிசி ஏற்றிப் போனான்.

மாலையில் தேக்கா திரும்பியதும் மரைக்காயர் டாங்கிக்குள் குச்சியை விட்டுப் பார்த்தார்.

"எவ்வளவு முதலாளி?" என்று கேட்டான் ஒலி.

"அடேயப்பா, இன்னும் மிச்சமிருக்கே! புக்கித் தீமாவுல சும்மா மேஞ்சிட்டுத் திரியற நம்ம வண்டிமாடுங்க இனி எதுக்கு? நாளைக்கே வித்துடுவோம்!"

ஒலியின் முகம் சுண்டிப்போனது. எஞ்சினை அணைத்துவிட்டு, போகவர இரண்டு தடவையும் புக்கித் தீமா மேட்டில் லாரியை இழுத்து ஏற்றியதே அந்த மாடுகள்தான்.