மூன்றாவது சொல்

மருந்துக்கடை மேசையில் கார்டு மெஷினும் இரண்டு க்யூஆர் அட்டைகளும் ஆளுக்கொரு பாஷை பேசின. மூன்றுக்கும் பொதுவாக, பணம் வந்ததா என்று அறிவிக்கும் ஓர் ஒலிப்பெட்டியைச் செய்தவர்கள், அதற்கு "வந்தது", "வரவில்லை" என்று இரண்டே சொற்களைக் கொடுத்திருந்தார்கள்.

ஒருநாள் ஓர் அம்மாள் க்யூஆர் அட்டை ஒன்றின் வழியாகப் பணம் அனுப்பினாள். அந்த அட்டை வாயே திறக்கவில்லை. பெட்டி திணறியது.

"ரெண்டுல ஒண்ணைச் சொல்லித் தொலையேன்," என்றது கார்டு மெஷின்.

"வரலைன்னு சொன்னா அந்தம்மா மறுபடியும் அனுப்புவாங்க. வந்துடுச்சுன்னு சொல்லி வராமப் போனா கடைக்காரருக்கு நஷ்டம். தெரியாததை நான் எப்படிச் சொல்றது?"

"கொடுக்காத சொல்லைப் பேசினா உன்னைக் கழட்டி எறிஞ்சிடுவாங்க."

"எறியட்டும்," என்ற பெட்டி, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னது: "இன்னும் தெரியவில்லை."

கடைக்காரர் பெட்டியை ஒருமுறை முறைத்தார். பிறகு ஸ்டூலை இழுத்து அந்த அம்மாளின் பக்கம் தள்ளினார்.