தம்பியின் சட்டை

"நாலு மார்க்தான் போட்டிருக்கு. 'கடைக்குப் போனான், திரும்பி வரல'ன்னா, அது ஒரு கதையாம்மா?" என்றார் ஏட்டு பூரணி.

"நடந்தது அவ்வளவுதான் மேடம்," என்றாள் ஆரோக்கியம். காணாமல் போனவன் அவள் தம்பி. காவல் நிலையத்துக் கருவி புகாரைப் படித்து, கதைக்குப் பத்துக்கு ஏழு மார்க்காவது கொடுத்தால்தான் தேடவே கிளம்புவார்கள்.

பூரணி இளகிய மனம் கொண்டவர். புகாரில் மழையைச் சேர்த்தார். அக்கா தம்பிக்குள் ஒரு சண்டையை மூட்டிவிட்டார். மார்க் ஆறுக்கு ஏறியது. தம்பியின் சாம்பல் நிறச் சட்டையை, செத்துப்போன அம்மா தைத்துக் கொடுத்த சிவப்புச் சட்டையாக்கினார். எட்டு!

உடனே தேடும் வண்டி புறப்பட்டது. சிவப்புச் சட்டைக்காரரைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள் என்று ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டே தெருமுனையைத் தாண்டியது.

ஆரோக்கியம் பூரணியிடம் திரும்பினாள்.

"மேடம், மழையும் சண்டையும் இருந்துட்டுப் போகட்டும். சட்டையை மட்டும் சாம்பல் நிறமா மாத்திடுங்களேன்."