மூன்றாவது போன்

வைஃபை ஏன் இழுக்கிறது என்று பார்க்க வந்த மெக்கானிக், அதில் இணைந்திருந்த போன்களின் பட்டியலைப் பார்த்துச் சிரித்தார்.

"வீட்ல ரெண்டு பேருதானே சார்? மூணாவதா ஒரு போன் ஓடுது. தினமும் சாயங்காலம் நாலு இருபதுக்கு வருது, காலையில ஏழரைக்குப் போயிடுது. யாரோ ஓசியில ஓட்டுறாங்க."

வீட்டுக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பாஸ்வேர்டை மாத்துங்க. ஒரு பய உள்ள வரக் கூடாது."

பழைய பாஸ்வேர்டு அவருக்கே தெரியாது. மகள் வைத்தது. மெக்கானிக் அதை அடியோடு அழித்து, பதினாறு எழுத்தில் புதிதாக ஒன்றைப் போட்டார். வெளியாள் நுழையப் பார்த்தால் போனில் தகவல் வரும் என்றார்.

நாலு இருபதுக்குத் தகவல் வந்தது. தவறான பாஸ்வேர்டு, ஒன்பது தடவை.

"திருடன் முழிக்கிறான் பாரு!" என்று மனைவியிடம் நீட்டினார்.

அவள் அந்தப் போனின் பெயரைப் படித்தாள்: 'வாயாடி'. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நம்ம பாப்பா போனுங்க இது."

இரண்டு வருடத்துக்கு முன் கல்லூரிப் பேருந்து ஆற்றில் விழுந்தபோது மகளின் உடலை எடுத்தார்கள். போன் கிடைக்கவில்லை. அந்தப் பேருந்து தெருமுனைக்கு வரும் நேரம் நாலு இருபது.

பழைய பாஸ்வேர்டைத் திரும்ப வைக்க, மகளின் பிறந்தநாள், அவள் வளர்த்த பூனையின் பெயர், என்னென்னவோ போட்டுப் பார்த்தார்கள். மறுநாள் மூன்று தடவை தகவல் வந்தது. மூன்றாம் நாள் ஒரே தடவை.

பிறகு பாஸ்வேர்டே வேண்டாமென்று எடுத்துவிட்டார்கள். இப்போது தெருவே அவர்கள் வைஃபையில்தான் ஓடுகிறது. நாலு இருபதானால் இருவரும் ஒட்டி உட்கார்ந்து, நாற்பது பெயர்களையும் மேலிருந்து கீழே படிக்கிறார்கள். பிறகு கீழிருந்து மேலே.