சார்ஜ் ஏறேல்லை

கமலேஸ்வரி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். கையிலிருந்த கிரீஸ் போய் ஒரு கிழமை ஆகிவிட்டது. பயம்தான் போகவில்லை.

முற்றத்தில் நின்ற பழைய உழவு மெஷினின் பொனற்றைத் திறந்து, வயரிங் வேலைக்கு வந்த நிஷாந்தன் தலையை உள்ளே விட்டிருந்தான். பக்கத்தில் அவளுடைய புருஷன் குகதாசன் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

“இரணைமடுக் குளத்துத் தண்ணி திறந்தாச்சு தம்பி. எல்லாரும் உழுகினம், என்ர வயல் மட்டும் சும்மா கிடக்கு! பற்றரிக்குச் சார்ஜ் ஏறேல்லை, ஆல்டனேட்டர்தான் பழுதாப்போட்டுது. கொழும்பிலயிருந்துதான் எடுக்கவேணும்.”

“பொறுங்கோ அண்ணை, ஒருக்கா மீற்றர் வைச்சுப் பாப்பம்.”

தை மாதம் நெஞ்சில் ஒப்பரேஷன் செய்துகொண்ட மனிதர் குகதாசன். இந்தப் போகம் மெஷினில் ஏறவே கூடாது என்று டொக்டர் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாடகைக்குப் பிடிப்போம் என்றால், “என்ர வயலுக்கு மற்றவன்ர மெஷினோ?” என்று பாய்ந்தார்.

அதனால்தான் போன கிழமை, அவர் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து, கையில் அகப்பட்ட ஒரு வயரைப் பிடுங்கிவிட்டாள் கமலேஸ்வரி. இரண்டொரு நாளில் பற்றரி படுத்துவிட்டது.

நிஷாந்தன் வேறு பற்றரி கொடுத்து ஸ்டார்ட் பண்ணினான். மீற்றரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். பிறகு வயர்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போனான்.

“அண்ணை, ஆல்டனேட்டர் நல்லாத்தான் இருக்கு. அதுக்குப் போற சின்ன வயரை ஆரோ குறட்டால வெட்டியிருக்கினம். ஹோர்ன் வயரும் கழண்டு கிடக்கு. ஆனா அதுக்கும் சார்ஜுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.”

கமலேஸ்வரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் குறட்டைத் தொடவேயில்லையே! பிடுங்கியது வெறும் ஹோர்ன் வயரைத்தானா? அப்படியென்றால் மற்றதை?

“கமலா, தம்பிக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வா!” என்றார் குகதாசன், அவசர அவசரமாக.

தேத்தண்ணியோடு வந்தவள் குசினி வாசலிலேயே நின்றுவிட்டாள். மெஷினை நிறுத்தியிருந்தார்கள். புருஷனின் குரல் இவ்வளவு இறங்கி அவள் கேட்டதேயில்லை.

“ஏறி இருந்தாலே தலை சுத்துது தம்பி. வெட்டினது நான்தான், மனிசிக்குச் சொல்லிப்போடாதை.”